புஷ்பத்துக்குக் கிடைச்ச தொட்டி

உங்களுக்கு ஓரகத்தி உண்டாம்மா? இல்லையா? வீட்டுக்காரர் ஒத்தைக்கு ஒரு பிள்ளையா? குடுத்து வச்ச மகராசி நீங்க. எனக்கு ஒருத்தி வாய்ச்சிருக்கா. கொழுந்தன் பொண்டாட்டி. தங்கபுஷ்பம்னு பேரு. எனக்கு எங்க அப்பா வச்ச பேரு செல்லக்கனி. பாருங்க, பேருலயே அவ ஒரு படி மேல ஏறி உக்காந்துட்டா.

அவ மேல எனக்குப் பொறாமைன்னு ஊருல பேசுதாவ. எனக்கு என்னத்துக்கும்மா பொறாமை? நான் மூத்த மருமவ. நான் பத்தாவது பாஸ், அவ பத்தாவது ஃபெயிலு. நான் வச்ச மீன்குழம்புக்கு எங்க மாமனார் தட்டை வழிச்சுச் சாப்பிட்ட காலம் உண்டு. அவ வந்த பிறகு, ‘சின்னவ குழம்பு வயித்துக்கு எதமா இருக்கு’ன்னுட்டாவ. எதமாம் எதம். புளி கம்மியா போட்டா யாரு குழம்பும் எதமாத்தான் இருக்கும்.

சரி, அந்தக் கதையை விடுங்க. நான் சொல்ல வந்தது தொட்டிக் கதை.

எங்க ஊரு மணக்குறிச்சி. அதுல மூணாவது வார்டு எங்க கீழத்தெரு, நாலாவது வார்டு அவ இருக்க மேட்டுத்தெரு. ரெண்டு வார்டையும் பொம்பளையளுக்குன்னு ஒதுக்கிட்டாவ. நான்தான் முதல்ல மனு தாக்கல் பண்ணேன். மறாநாளு அவளும் போய்ப் பண்ணிட்டா. நான் வீடு வீடாப் போயி, கும்பிட்டு, காலு வீங்கி, பதினோரு ஓட்டுல ஜெயிச்சேன். அவளை எதிர்த்து ஒரு ஆளு நிக்கல. அன்னபோஸ்ட்! வீட்டுல இருந்து தோசை சுட்டுக்கிட்டே மெம்பர் ஆயிட்டா. எனக்கு எப்பிடி இருக்கும் சொல்லுங்க?

ஓட்டுக் கேக்கும்போது நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். ‘என்னைய ஜெயிக்க வைங்க, வாசல்ல தண்ணி வரும்.’ எங்க தெருவுல எழுபது வீடு. குழாய் இருக்கு, தண்ணி கிடையாது. திறந்தா புஸ்ஸுன்னு காத்து வரும். ஊருக்குப் பொதுவா உள்ள பழைய தொட்டித் தண்ணியை முன்னால உள்ள தெருக்காரவளே பிடிச்சு முடிச்சிருவாவ. நாங்க பைபாஸ் ரோட்டைத் தாண்டிப் போயி, ஒரு தோட்டத்து மோட்டார்ல குடம் குடமாத் தூக்கிட்டு வரணும். லாரி சர்ரு சர்ருன்னு போவும். போன வருசம் பங்குனியில என் மருமவ சுபா குடத்தோட வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சு போச்சு. ஒன்றரை மாசம் மாவுக்கட்டு. அதனால சொல்லுதேன், தண்ணின்னா எனக்கு வெளையாட்டு இல்ல.

பஞ்சாயத்துத் தலைவரு கையை விரிச்சுட்டாரு. ‘எம்.எல்.ஏ நிதியில கேட்டுப் பாருங்க’ன்னாரு. எம்.எல்.ஏ நிதின்னா என்னன்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. அவரு பையில இருந்து எடுத்துக் குடுப்பாரு போலன்னு நெனச்சிருந்தேன். அப்பிடி இல்லையாம்மா. வருசத்துக்கு இவ்வளவுன்னு தொகுதிக்கு அரசாங்கம் ஒதுக்குமாம். இன்ன ஊருல இன்ன வேலைன்னு எம்.எல்.ஏ கடுதாசி எழுதிக் குடுப்பாரு. யூனியன் ஆபீஸ் ஓவர்சியர் வந்து எடத்தைப் பாத்துத் திட்டம் போடுவாரு. கலெக்டர் ஆபீஸ்ல அனுமதி குடுத்தாத்தான் வேலை நடக்கும். பணத்தை எம்.எல்.ஏ கண்ணால கூட பாக்க மாட்டாராம். ஆனா அவரு எழுதலைன்னா ஒரு செங்கல் நகராது.

நான் மூணு தடவை போனேன். சும்மாவா போனேன்? பட்டுச் சேலை கட்டி, சால்வை வாங்கி, எலுமிச்சம்பழம் கொண்டு போனேன். போட்டோ கூட எடுத்தாவ. பதினோரு கோரிக்கை எழுதி, லெட்டர்பேடுல கொண்டு போய்க் குடுத்தேன். ஆமா, எனக்கு லெட்டர்பேடு உண்டு. ‘செ. செல்லக்கனி, வார்டு உறுப்பினர், மணக்குறிச்சி ஊராட்சி’ன்னு செவப்பு மையில அடிச்சு, சீலும் செஞ்சு வச்சிருக்கேன். அவகிட்ட கிடையாது.

என்ன எழுதினேன்னு கேக்கியளா? முதல்ல தெரு முகப்புல ஒரு வரவேற்பு வளைவு. ரெண்டாவது ஒரு கலையரங்கம், கோயில் கொடைக்குக் கச்சேரி வைக்கலாம்லா. மூணாவது பெரிய லைட்டுக் கம்பம். அப்பிடியே வரிசையா எழுதினேன். தண்ணியை ஒன்பதாவதா எழுதியிருந்தேன். ஏன் சிரிக்கிய? தண்ணி இல்லங்கது ஊருக்கே தெரிஞ்ச விசயம்லா. தெரியாததைத்தான் முன்னால எழுதணும்னு நெனச்சேன். அவரு பி.ஏ ஒருத்தன் இருக்கான், மீசை முளைச்சும் முளைக்காம. முதல் வரியைப் பாத்துட்டு, ‘வளைவுக்கெல்லாம் இந்த நிதியில எடம் இல்லம்மா’ன்னு தாளை மடிச்சு மேசைக்கு அடியில போட்டுட்டான்.

இவ எப்பம் போனான்னு எனக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை போயிருக்கா. கையில பழமும் இல்ல, சால்வையும் இல்ல. ஓவர்சியரை முன்னமே பாத்து, எடத்துப் படத்தை வரைஞ்சு வாங்கி, ஒரே ஒரு வேலையை எழுதிக் கொண்டுட்டுப் போயிருக்கா. எம்.எல்.ஏ நின்ன மேனிக்கு வாங்கிப் பாத்து, ‘இதைச் சேருங்க’ன்னுட்டாராம். பி.ஏ சொன்னான். அதை என்கிட்ட சொல்லணுமா அவன்?

தை மாசம் பஞ்சாயத்து ஆபீஸ் போர்டுல பட்டியலை ஒட்டியிருந்தாவ. மணக்குறிச்சிக்கு ஒரே ஒரு வேலை. ‘மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி அமைத்தல், வார்டு நான்கு, மேட்டுத்தெரு.’

வார்டு நாலு! எனக்கு எரிஞ்சுக்கிட்டு வந்துது. அவ தெருவுல தண்ணி வருதும்மா. காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். வாசல் தெளிச்சு, செடிக்கு ஊத்தி, ஆட்டைக் குளிப்பாட்டி மிஞ்சும். அவளுக்கு எதுக்கு இன்னொரு தொட்டி? என் மருமவ கை ஒடிஞ்சு கெடந்தப்ப பழம் வாங்கிட்டு வந்து பாத்தவதான அவ? பாத்துட்டுப் போயி, தண்ணியைத் தன் தெருவுக்கு வாங்கிட்டாளேன்னு நெனச்சேன். அன்னைக்குச் சோறு எறங்கல எனக்கு.

அவளும் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்தா. ‘அக்கா, தொட்டி விசயமா ஒண்ணு பேசணும்’னா. பீத்திக்கிட வந்திருக்கான்னு தலைவலின்னு சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கிட்டேன். ரெண்டாவது தடவை குளிக்கேன்னு சொல்லச் சொன்னேன். தண்ணியே இல்லாத வீட்டுல முக்கா மணி நேரமா குளிக்கேன்! அவ நின்னு பாத்துட்டுப் போயிட்டா.

அப்புறம்தான் எனக்கு விசயம் தெரிய வந்துது. தொட்டி கட்டப் போற எடம் புறம்போக்கு இல்ல. அவ பட்டா எடம்! பாகம் பிரிக்கும்போது அவளுக்கு வந்த மூணு செண்டு. அப்பிடிப் போடுன்னு துள்ளிட்டேன். அரசாங்கத் தொட்டியைத் தன் எடத்துல கட்டி, அங்க நிக்க முருங்கைக்குத் தண்ணி பாய்ச்சலாம்னு பாத்தியா புஷ்பம்? இருடி, உனக்கு வைக்கேன்னு நெனச்சேன்.

கலெக்டர் ஆபீஸ் வாசல்ல மனு எழுதுத ஒருத்தர் உண்டு. அவரு மொட்டையா போட்டுருவோமா, பேரு போட்டு எழுதுவோமான்னு கேட்டாரு. மொட்டை மனுவை எவன் மதிப்பான்? ‘என் லெட்டர்பேடுலயே எழுதுங்க’ன்னேன். தனியார் பட்டா நிலத்தில் அரசு நிதியில் தொட்டி கட்ட முயற்சி நடக்கிறது, தடுத்து நிறுத்துகன்னு எழுதினாரு. நல்ல எழுத்தும்மா அவருக்கு. சீலைக் குத்தி, திங்கக்கிழமை மனு நாள்ல நானே கொண்டு போய்க் குடுத்தேன். வாசல்ல ஒரு இளநி வாங்கிக் குடிச்சேன். அன்னைக்குத்தான் மனசு குளுந்துது.

பத்து நாள்ல ஆபீசர் வந்துட்டாவ. லெட்டர்பேடுக்கு உள்ள மதிப்பைப் பாருங்க. சர்வேயர் ஒருத்தரு, ஓவர்சியர் ஒருத்தரு, கலெக்டர் ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா. மேட்டுத்தெரு, கீழத்தெரு ரெண்டும் கூடிட்டு. நானும் போயி ஓரமா நின்னேன். எங்க வீட்டுக்காரவ, கொழுந்தன், மருமவ எல்லாரும் நின்னாவ.

அளந்து பாத்தாவ. பட்டா எடம்தான். நான் சொன்னது சரிதான். அதை நீங்க மறந்துரக் கூடாது. நான் பொய் எழுதல.

அந்த அம்மா புஷ்பத்தைப் பாத்து, ‘உங்க சொந்த எடத்துல எப்பிடி அரசாங்கத் தொட்டி கேட்டீங்க?’ன்னு கேட்டாவ. அவ ஒரு பிளாஸ்டிக் பையில இருந்து ஒரு பத்திரத்தை எடுத்தா. டைப் அடிச்சு ரெடியா இருக்கு. ‘பஞ்சாயத்து பேருக்கு எடத்தைத் தானமா எழுதிக் குடுக்கப் போறேம்மா. ரிஜிஸ்தர் ஆபீஸ்ல புதன்கிழமைதான் நாள் கிடைச்சுது’ன்னா.

‘உங்க தெருவுலதான் தண்ணி வருதே, எடத்தையும் குடுத்து எதுக்கு இதைக் கேக்கீங்க?’ன்னாவ அந்த அம்மா.

அவ பதில் சொல்லுறதுக்குள்ள ஓவர்சியர் முந்திக்கிட்டாரு. ‘மேடம், இது இந்தத் தெருவுக்கு இல்ல. கீழத்தெரு எழுபது வீட்டுக்கு. கீழத்தெரு பள்ளம். பள்ளத்துல தொட்டி கட்டினா கடைசி வீடு வரைக்கும் வேகம் கிடைக்காது. மேட்டுல கட்டி அங்க எறக்கணும். திட்டத்துல ரெண்டாவது பக்கம் பாருங்க, கீழத்தெருவுக்குக் குழாய், வீட்டுக்கு ஒரு இணைப்பு. மேட்டுல புறம்போக்கு எங்கயும் இல்ல. அதனால இந்த அம்மா தன் எடத்தைத் தாறேன்னாவ.’

போர்டுல முதல் பக்கத்தைத்தானம்மா ஒட்டியிருந்தாவ! வேலை நடக்கிற எடத்தைத்தான போட்டிருந்தாவ! தண்ணி யாருக்குன்னு ஒரு வரி போட்டா என்ன கொறைஞ்சா போயிரும் இவங்களுக்கு?

அதோட விட்டிருக்கலாம். அந்த அம்மா ஃபைலைத் திறந்து, ‘மனுதாரர் யாரு? வார்டு மூணு உறுப்பினர் செல்லக்கனி வந்திருக்காங்களா?’ன்னு சத்தமா வாசிச்சுட்டாவ.

நூறு பேரு நிக்காவ. எங்க வீட்டுக்காரவ தலையைக் குனிஞ்சுக்கிட்டாவ. மருமவ அந்த ஒடிஞ்ச கையை இந்தக் கையால பிடிச்சுக்கிட்டு என்னையவே பாக்கா. புஷ்பம் திரும்பி, ‘அக்கா, நீங்களா?’ன்னா. அவ்வளவுதான். நான் என்ன செய்வேன்? ‘சட்டம்னா சட்டம்தான்’னேன்.

‘எடம் பஞ்சாயத்து பேருக்கு மாறாம அனுமதி குடுக்க முடியாது’ன்னு எழுதிட்டுப் போயிட்டாவ. மாசி மாசம் பாருங்க, வருசக் கணக்கு முடியப் போவுது. புகார் உள்ள வேலைக்கு எம்.எல்.ஏ காத்துக்கிட்டு இருப்பாரா? அவரு எழுதின கையாலயே மணக்குறிச்சியை அடிச்சுட்டு, பக்கத்து ஊருக்கு சிமெண்டு ரோடுன்னு மாத்தி எழுதிட்டாரு. எங்க தண்ணி அங்க ரோடா போயிட்டு.

அதுக்குப் பிறகு தெருவுல ஒருத்தி என்கூட பேசல. மோட்டார்ல தண்ணி பிடிக்கப் போனா, நான் வந்ததும் பேச்சு நின்னுரும். கடைக்காரன் கூட சில்லறையை மேசையில வைக்கான், கையில தர மாட்டேங்கான். ஏசியிருந்தாலாவது திருப்பி ஏசலாம். என் வாய்க்குத் தெருவே பயப்படும்மா. அதுக்கும் வழி இல்லாமப் பண்ணிட்டாளுவ.

புஷ்பம் என்ன செஞ்சா தெரியுமா? தொட்டி போயிட்டுல்லா, எடத்தை வச்சுக்கிட்டா என்ன? வச்சுக்கிடல. அந்தப் புதன்கிழமையே போயி பஞ்சாயத்து பேருக்கு எழுதிக் குடுத்துட்டா. ‘அடுத்த வருசம் கேக்கும்போது ஒரு தடங்கலும் இருக்கக் கூடாது’ன்னாளாம். மூணு செண்டும்மா! எங்க ஊருல ஒரு செண்டு என்ன விலை போவுதுன்னு உங்களுக்குத் தெரியாது. எனக்கு அந்தப் பாகத்துல என்ன வந்துது? முள்ளுக் காடு. தானம் பண்ணணும்னா கூட என்கிட்ட தானம் பண்ணுத மாதிரி ஒரு எடம் இல்ல. அதுலயும் அவதான் முந்தி.

இப்பம் புது வருசப் பட்டியலு போடுதாவ. எம்.எல்.ஏவை மறுபடி போய்ப் பாத்திருக்கா. அவரு, ‘புகார் நிலுவையில இருக்கும்மா. புகார் குடுத்தவங்களே நேர்ல போயி வாபஸ்னு எழுதிக் குடுக்கட்டும், நான் மறுநிமிசம் எழுதுதேன். ஆனா பட்டியலு நாளைக்குச் சாயங்காலம் கலெக்டருக்குப் போயிரும்’னு நேத்து சொல்லியிருக்காரு. அந்த நாளு இன்னைக்குத்தாம்மா.

நேத்து வந்தா. நான் போர்வையைத் தேடல, உள்ள வான்னேன். ‘அக்கா, ஒரு கையெழுத்துதான். நானும் கூட வாறேன். தனியாப் போயி நிக்க உங்களுக்குச் சங்கடமா இருக்கும்’னா. ஒரு ஏச்சு இல்ல, ஒரு குத்தல் இல்ல. மருமவ அவளுக்குத்தான் முதல்ல காபி குடுத்தா. ரெண்டு பேரும் என்னையப் பாக்காவ. சரின்னுட்டேன்.

மெதுவாத்தான் பேசுதேன் பாருங்க. ஏன்னா அவ இந்த வண்டியிலதான் இருக்கா. முன்னால, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, பச்சைச் சேலை. பக்கத்துல எனக்கு எடம் போட்டுத்தான் வச்சிருந்தா. எனக்கு முன்னால உக்காந்தா கொமட்டும்னு சொல்லிட்டு இங்க வந்துட்டேன். எனக்குக் கொமட்டாது.

உங்ககிட்ட சொல்லுறதுக்கு என்ன, நீங்க யாரோ, நான் யாரோ. அடுத்து செம்மண் விலக்கு ஸ்டாப் வரும். அங்க எறங்கினா ரெண்டு எட்டுல எங்க அண்ணன் வீடு. பின்வாசல் வழியா எறங்கிட்டா அவளுக்குத் தெரியாது. வயித்தைக் கலக்கிட்டுன்னு சாயங்காலம் சொல்லிக்கிடலாம். சாயங்காலம்னா பட்டியலு போயிருக்கும்.

அப்பிடிப் பாக்காதிய என்னைய. எனக்குத் தண்ணி வேண்டாம்னா சொல்லுதேன்? தொட்டி வந்தா அதுல ஒரு கல்லு பதிப்பாவ. மேல எம்.எல்.ஏ பேரு, கீழ ‘நிலக் கொடை தங்கபுஷ்பம்’னு. தலைவரு இப்பமே சொல்லிட்டாரு. காலையில குழாயைத் திறப்பாளுவ, எழுபது வீட்டுலயும் ‘புஷ்பம் தந்த தண்ணி’ம்பாளுவ. என் வீட்டுலயும் என் மருமவ அதைத்தான் சொல்லுவா. நான் அந்தத் தெரு மெம்பர்ம்மா. பதினோரு ஓட்டுல ஜெயிச்சவ. நான் என்ன செஞ்சேன்? தடுத்தேன். கல்லுல அதையா எழுத முடியும்? அவ நல்லது செய்யச் செய்ய எனக்கு எரியுது. செத்துரலாம் போல எரியுது. பொறாமை இல்லன்னு சொன்னேன்லா, பொய்யி. கல்யாணமாகி வந்த அன்னையில இருந்து இருக்கு.

இந்தா, கண்டக்டர் வந்துட்டாரு. டவுன் பஸ்ஸுன்னா நமக்கு டிக்கெட்டே கிடையாது, இது பிரைவேட் வண்டி. இருங்க, எடுத்துக்கிடுதேன்.

தம்பி, செம்மண் விலக்கு ஒண்ணு குடுங்க.

என்னது? எடுத்தாச்சா? யாரு எடுத்தா?

கேட்டியளா? முன்னால இருக்க அம்மா ரெண்டு டிக்கெட்டு எடுத்துட்டாவளாம். ‘பின்னால எங்க அக்கா இருக்காவ, அவங்ககிட்ட வாங்காதீங்க’ன்னு சொன்னாளாம். ரெண்டும் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும். திரும்பிப் பாக்கா பாருங்க. கையைக் காட்டுதா, எடுத்தாச்சுன்னு. நானும் கையைக் காட்டிட்டேன், வேற என்ன செய்ய?

விசில் அடிக்காரு. விலக்கு வந்துட்டு. இல்லம்மா, நீங்க காலை ஒதுக்க வேண்டாம், நான் எறங்கல. அந்தப் பையை மட்டும் எடுத்துத் தாங்க, முன்னால போயி அவ பக்கத்துல உக்காருதேன். போயி அந்தக் கையெழுத்தைப் போட்டுத் தொலைக்கேன். அவ மட்டும் ஒரு கெட்டவளா இருந்திருந்தா, நான் எவ்வளவோ நல்லா இருந்திருப்பேம்மா.